நாலரை மணி விசிலை நிறுத்துங்கள்: விடுதிப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர்களே, முதல்வர்களே, விடுதிக் காப்பாளர்களே,

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை விடுதியில் எழுப்பும் நேரம் காலை 5 மணியிலிருந்து 4:30க்கு மாறுகிறது என்று பெற்றோருக்குச் சர்குலர் வந்திருக்கிறது. மாணவர் நலனுக்காக இந்த மாற்றம் என்று அதில் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. மார்க்குக்காக என்று எழுதியிருந்தாலாவது பாதி நேர்மை இருந்திருக்கும். பாதிதான், ஏனென்றால் மார்க்குக்கும் இது உதவாது.

எந்தப் பள்ளி என்று பெயர் சொல்லப்போவதில்லை. இந்த அட்டவணை ஒரு பள்ளியின் சொத்து அல்ல. பக்கத்து ஊர்ப் பள்ளியில் 5 மணி என்றால் நீங்கள் 4:45 ஆக்குகிறீர்கள். உங்களுடையது 4:45 என்று தெரிந்ததும் அடுத்தவர் 4:30 ஆக்குகிறார். அட்மிஷன் நேரத்தில் பெற்றோரிடம் காட்ட இது ஒரு விளம்பரமாகிவிட்டது. ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 4:30க்கு விசில். 5 மணி முதல் 6:45 வரை ஸ்டடி. 8:45 முதல் 4:15 வரை வகுப்பு. மாலை 5:30 முதல் 7:15 வரை மீண்டும் ஸ்டடி. சாப்பாடு முடிந்து 8 மணி முதல் 10:45 வரை இன்னொரு ஸ்டடி. 11 மணிக்கு விளக்கணைப்பு. படுக்கையில் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். படுத்ததும் யாருக்கும் கண் மூடிவிடாது; நாற்பது பேர் படுக்கும் டார்மெட்ரியில் சத்தம் அடங்கவே கால் மணி நேரம் ஆகும். ஆக, உண்மையான தூக்கம் ஐந்து மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. அதில் குறைந்தபட்சமான 8 மணி நேரத்தையே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு மூன்று மணி நேரம் கடன். ஞாயிறு தவிர ஆறு நாளில் பதினெட்டு மணி நேரம். வாரத்தில் இரண்டு முழு இரவுத் தூக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை 6:30க்கு எழுப்பி, மற்ற நாளைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிடுகிறீர்கள்.

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "ஒரு மாதத்தில் பழகிவிடும்" என்பது. பழகுவது எது என்று கவனியுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கனும் டேவிட் டிங்கஸும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான பெரியவர்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டுமே படுக்கவைத்தார்கள். "எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்ற கேள்விக்கான பதில் முதல் சில நாட்களில் ஏறி, பிறகு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. கவனச் சோதனையில் செய்த தவறுகளோ நிற்காமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு வார முடிவில் அவர்கள் நிலை ஒன்றிரண்டு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. மழுங்கிப்போனதை உணரும் திறனும் மழுங்கிப்போகிறது. மாதம் ஒன்று ஆனதும் பிள்ளைகள் முனகுவதை நிறுத்திவிடுவதைப் பார்த்து நீங்கள் பழகிவிட்டது என்கிறீர்கள்.

பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுதானே என்று கேட்கலாம். சரி, சிங்கப்பூருக்கு வாருங்கள். தேர்வுக்காக உயிரைக் கொடுக்கும் ஊர், நம்மைவிட ஒரு படி மேல். அங்கே மைக்கேல் சீ குழுவினர் 15 முதல் 19 வயதுள்ள 56 மாணவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, ஒரு பாதிக்கு இரவில் 9 மணி நேரமும் மறு பாதிக்கு 5 மணி நேரமும் படுக்கையில் கொடுத்தார்கள். ஏழு இரவுகள். 5 மணி நேரம் என்பது ஏறத்தாழ உங்கள் அட்டவணைதான். அந்தப் பாதியினரின் கவனம், மனதில் வைத்துக் கணக்கிடும் திறன், உற்சாகம் எல்லாம் நாளுக்கு நாள் சரிந்தன. பிறகு இரண்டு இரவு ஒன்பது மணி நேரம் தூங்கவைத்துப் பார்த்தார்கள். கவனம் முழுதாகத் திரும்பவில்லை. 2016இல் வெளியான முடிவு இது. ஒரே ஒரு வாரக் கடனுக்கு இரண்டு முழு இரவே போதவில்லை என்றால், ஜூன் முதல் மார்ச் வரை சேரும் கடனை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்ன செய்துவிடும்?

அடுத்தது, விடியற்காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்ற வாதம். பிரம்ம முகூர்த்தம் என்று சுவரிலேயே எழுதிவைத்திருக்கும் விடுதிகள் உண்டு. அந்தப் பழக்கத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த வீட்டில், நான்கு மணிக்கு எழுந்தவருக்கு எட்டு மணி நேரத் தூக்கம் முடிந்திருந்தது. அவர் தெளிவாகத்தான் இருந்திருப்பார். நீங்கள் அந்தப் பழக்கத்தின் காலைப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மாலைப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

அதோடு வயதும் சேர்கிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடல் கடிகாரம் என்று நாம் சொல்வது அதைத்தான். பூப்பெய்தும் காலத்தில் இந்தக் கடிகாரம் பின்னோக்கி, அதாவது தாமதமான நேரத்துக்கு, நகர்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின், பத்து வயதுப் பிள்ளைக்குச் சுரப்பதைவிடப் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தாமதமாகச் சுரக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் 1990களிலிருந்தே காட்டிவரும் விஷயம் இது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் தூக்க அழுத்தமும் ஏறுமல்லவா, அதுவும் இந்த வயதில் மெதுவாகவே ஏறுகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் பதினாறு வயதுக்காரருக்குத் தூக்கம் வராமல் புரள்வது திமிரால் அல்ல. டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் காட்டியபடி, இந்தப் பின்னகர்வு இருபது வயதை ஒட்டித்தான் உச்சத்தைத் தொட்டுத் திரும்புகிறது. நாற்பத்தைந்து வயதுத் தாளாளருக்கு நான்கு மணிக்குத் தானாக விழிப்பு வருவது உண்மை. அதை வைத்துப் பதினாறு வயதை அளக்க முடியாது.

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். உடலின் உள்வெப்பம் இரவில் இறங்கி, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு தன் அடித்தட்டைத் தொடுகிறது. விழிப்பும் கவனமும் மிகக் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான். ஏழு மணிவாக்கில் எழும் உடல்வாகு கொண்ட பிள்ளைக்கு அது நாலு முதல் ஐந்து மணி. இருபத்து நான்கு மணி நேரத்திலும் படிப்புக்கு மிக மோசமான நேரத்தைத் தேடி எடுத்தது போல் இருக்கிறது உங்கள் முதல் ஸ்டடி. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் வரும் மந்தம் வேறு இருக்கிறது. சாதாரணமாகப் பதினைந்து முப்பது நிமிடத்தில் விலகிவிடும். கடனில் இருப்பவர்களுக்கு இன்னும் நீளும். 5 மணி ஸ்டடியில் முதல் அரை மணி நேரம் பக்கம் புரளும், எதுவும் ஏறாது.

ஒளியும் எதிராக வேலை செய்யும். உள்வெப்பம் அடித்தட்டைத் தொட்ட பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன்பு படும் வெளிச்சமோ கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். விடுமுறை முழுக்கத் தாமதமாகத் தூங்கிவிட்டு விடுதிக்குத் திரும்பும் பிள்ளையை முதல் வாரமே 4:30க்கு எழுப்பி டியூப்லைட் வரிசைக்குக் கீழே உட்காரவைத்தால், வெளிச்சம் பெரும்பாலும் தவறான பக்கத்தில் விழுகிறது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் இன்னும் தாமதமாகிறது. விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் மருத்துவ அறையில் தலைவலிக்காரர்கள் வரிசை கட்டுவதை வார்டன்கள் நன்றாகவே அறிவார்கள்.

சரி, தூக்கம் போனால் படிப்புக்கு என்ன? இங்கேதான் கடந்த முப்பது ஆண்டு நரம்பியல் மிகத் தெளிவாகப் பேசுகிறது. பகலில் படித்தது முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் தற்காலிகமாகப் பதிகிறது. 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளில் கண்டது: ஓர் எலி பகலில் நடந்த பாதைக்கு எந்த நரம்பணுக்கள் ஒன்றாகத் துடித்தனவோ, அதே அணுக்கள் அதற்குப் பிந்தைய தூக்கத்திலும் ஒன்றாகத் துடித்தன. ஆழ்தூக்கத்தின் மெதுவான அலைகள், அவற்றின் மேல் வினாடிக்குப் பன்னிரண்டு பதினைந்து முறை துடிக்கும் சிறு கதிர் அலைகள் (நூல் நூற்கும் கதிரின் வடிவில் வருபவை), ஹிப்போகாம்பஸில் எழும் நுண்சிற்றலைகள் மூன்றும் நேரம் பொருந்தி வரும்போது, பகலின் பாடம் மூளையின் வெளியடுக்கான புறணிக்கு மாற்றி எழுதப்படுகிறது. ஆழ்தூக்கம் இரவின் முதல் பகுதியில் அதிகம். கனவுகள் நிறைந்த ரெம் தூக்கம் கடைசி மூன்றில் ஒரு பங்கில் அதிகம். கதிர் அலைகள் மிகுந்த, ஆழ்தூக்கத்தைவிட லேசான இரண்டாம் நிலைத் தூக்கத்துக்கும் பிற்பகுதி இரவில் நிறைய இடம் உண்டு. 4:30 விசில் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வெட்டுகிறது. மறுநாள் புதிதாகப் படிப்பதும் பழுதாகிறது: தூங்காத மூளையில் புதியதைப் பதியும்போது ஹிப்போகாம்பஸின் செயல்பாடே குறைவாக இருப்பதை மேத்யூ வாக்கர் குழுவினர் 2007இல் மூளை ஸ்கேனில் காட்டினார்கள்.

வகுப்பில் கண் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை விழித்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். 2017இல் யுவல் நிர் குழுவினர், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களைத் தூங்கவிடாமல் வைத்துப் படங்களை வகைப்படுத்தச் சொன்னார்கள். கவனம் தப்பும் தருணங்களில் தனித்தனி நரம்பணுக்களின் எதிர்வினை வலுவிழந்து, தாமதித்து, இழுபட்டது. அந்த இடத்தில் தூக்கத்தின் மெதுவலைகளும் தென்பட்டன. ஆள் விழித்திருக்க, மூளையில் ஒரு பகுதி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தே எழுதிக்கொண்டு, நடுவில் ஒரு வரியை விட்டுவிடும் பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். எழுத்து சரிந்து கோட்டைத் தாண்டிப் போயிருக்கும் இடம் தெரியும். அந்தப் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பது, முகம் கழுவிவரச் சொல்வது, மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பது எல்லாம் நீங்களே உண்டாக்கிய ஒன்றுக்கு அவரைத் தண்டிப்பது.

ஒரு எச்சரிக்கை இடையில். தூக்கத்தில்தான் மூளை தன் கழிவைக் கழுவுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நாங்கள் இங்கே ஆதாரமாக வைக்கவில்லை. 2013இல் எலிகளில் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்புக்கு, 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு எலிகளிலேயே நேரெதிரான முடிவைக் கண்டது. விவாதம் இன்னும் தீரவில்லை. எங்கள் வாதத்துக்கு அது தேவையும் இல்லை.

விடியற்காலைப் படிப்பு பலன் தருவதாக உங்களுக்குத் தோன்றுவது பொய்யல்ல. அது தோன்றும் விதம் இது: 5 மணிக்கு உருப்போட்டதை 8:45க்கு ஸ்லிப் டெஸ்ட் வைத்துக் கேட்கிறீர்கள். மார்க் வருகிறது. அதே கேள்வியை எதிர்பாராமல் ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பார்த்தீர்களா? 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாய்களைப் பற்றியும் சிறு பத்திகள் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது படித்த குழு 83%, எழுதிய குழு 71%. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 40%, எழுதிய குழு 61%. உங்கள் ஸ்லிப் டெஸ்ட் ஐந்து நிமிடச் சோதனைக்கு அண்ணன். போர்டு எக்ஸாம் ஒரு வாரச் சோதனைக்குப் பெரியப்பா.

சிங்கப்பூர்க் குழுவே 2019இல் வெளியிட்ட இன்னொரு சோதனையும் உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு எறும்பு வகைகளையும் நண்டு வகைகளையும் கற்பித்தார்கள். நடுவில் ஒரு மணி நேரம் ஒரு குழு தூங்கியது, ஒரு குழு அதையே மறுபடி உருப்போட்டது, ஒரு குழு சும்மா இருந்தது. அன்றே சோதித்தபோது தூங்கியவர்களும் உருப்போட்டவர்களும் சும்மா இருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, சும்மா இருந்தவர்களைவிடத் தெளிவாக மேலே நின்றவர்கள் தூங்கியவர்கள் மட்டுமே. உருப்போட்ட ஒரு மணி நேரத்தின் ஆதாயம் கரைந்துவிட்டது.

நேரத்தைக் குறைத்தால் பாடம் முடியாதே என்பீர்கள். நாங்கள் கேட்கும் மாற்றத்தில் எவ்வளவு நேரம் போகும் என்று பாருங்கள். விடியற்காலை ஒன்றே முக்கால் மணி நேரமும், இரவில் கடைசி ஒன்றேகால் மணி நேரமும் போகும். காலை 7 முதல் 7:45 வரை முக்கால் மணி நேரம் திரும்ப வரும். நிகர இழப்பு இரண்டேகால் மணி நேரம். மிஞ்சுவது நான்கு மணி நேர ஸ்டடி. அந்த நான்கு மணி நேரத்தை நடத்தும் விதத்தை மாற்றினால் இழப்பு தெரியாது.

முறை எளிது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரே ஒரு தலைப்பு. முதல் பதினைந்து நிமிடம் படிக்கட்டும். பிறகு புத்தகம் மூடி, பைக்குள். வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதட்டும். படம் இருந்தால் படமும். அடுத்த பத்து நிமிடம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறானதையும் வேறு நிற மையில் தாங்களே திருத்தட்டும். மீதிப் பத்து நிமிடம் அந்தத் திருத்தங்களை மட்டும் பார்த்துவிட்டு, மூடி, மறுபடி எழுதட்டும். அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தால் ரிவிஷனுக்கு எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியல் தானாகத் தயார்.

இது எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாளுக்கு மார்க் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், பிள்ளைகள் மறைத்துப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். அன்றோடு பலன் போயிற்று. புத்தகத்தை மேசையிலேயே வைத்திருக்கவிட்டால் கண் தானாகப் போகும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்கே இது பிடிக்காது, ஏனென்றால் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல ஒரு சுகம் இருக்கும். வெற்றுத்தாளில் அந்தச் சுகம் இல்லை. இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள். திரும்பப் பார்க்கும் இடைவெளியும் முக்கியம்: செபீடா குழுவினரின் 2008 ஆய்வுப்படி, தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இடைவெளியும் நீள வேண்டும். ஓராண்டுக்குப் பின் தேவைப்படும் பாடத்துக்கு மூன்று வாரம் போல. ஜூலையில் முடித்த பாடத்தை மறுநாளே மூன்று முறை ஓட்டிவிட்டு டிசம்பர் வரை தொடாமல் விடுவதுதான் இப்போதைய வழக்கம். அதைக் கைவிடுங்கள்.

தாமதமாக எழவிட்டால் அவ்வளவு நேரம் தாமதமாகத்தானே தூங்குவார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் 7:50இலிருந்து 8:45க்கு மாறியது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் கையில் அசைவுமானியைக் கட்டி அளந்தார்கள். தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியிருந்தது. மதிப்பெண்ணும் சற்றே கூடியிருந்தது. ஆனால் ஒப்பிட்டது வெவ்வேறு ஆண்டு மாணவர்களை என்பதால் அதை நாங்கள் அழுத்திச் சொல்லமாட்டோம். தூக்கம் கூடியது நிச்சயம். கலிஃபோர்னியா மாநிலம் 2019இல் சட்டமே போட்டு, 2022 ஜூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்றாக்கியது. உங்கள் கையில் அதைவிடப் பெரிய வசதி இருக்கிறது: விளக்கை அணைப்பவரும் நீங்களே.

உங்கள் தேர்வு எப்போது நடக்கிறது என்பதையும் யோசியுங்கள். போர்டு எக்ஸாம் காலை 10 மணிக்கு. நீட் பிற்பகல் 2 மணிக்கு. விடியற்காலை 5 மணிக்கு இந்த நாட்டில் எந்தத் தேர்வும் இல்லை.

இனி ஒரு ரகசியம். 4:30 விசிலுக்குப் பல விடுதிகளில் கல்வியோ பிரம்ம முகூர்த்தமோ காரணமல்ல, குளியலறைதான் காரணம். 240 பிள்ளைகள், 16 குளியலறை, ஒருவருக்கு ஆறு நிமிடம். பதினைந்து சுற்று, ஒன்றரை மணி நேரம். அதனால் முதல் பேட்ச் 4:30க்கு. குளித்தவர்களையும் குளிக்கக் காத்திருப்பவர்களையும் உட்காரவைக்க ஒரு ஸ்டடி. இதற்குத் தீர்வு எளிது. பாதிப் பேர் மாலை வகுப்பு முடிந்ததும் 4:30 முதல் 5:20க்குள் குளிக்கட்டும். மாதம் ஒருமுறை பேட்சை மாற்றுங்கள். காலையில் 120 பேர், எட்டு சுற்று, 48 நிமிடம். 6 மணிக்கு எழுந்தாலே 7 மணி ஸ்டடிக்கு எல்லோரும் தயார்.

நேரத்தை நீட்டினால் மட்டும் தூக்கம் வந்துவிடாது என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஏழைத் தொழிலாளர்கள் 452 பேரை டேட்டா என்ட்ரி வேலையில் அமர்த்தி ஒரு மாதம் போல அளந்து, 2021இல் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு அது. படுக்கையில் 8 மணி நேரம் இருந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம் எல்லாம் சேர்ந்து இரவெல்லாம் விழித்து விழித்துப் படுத்தார்கள். கண்மறைப்பு, காதடைப்பு, மின்விசிறி, மெத்தை எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் அரை மணி நேரம் போலக் கூடியது. ஆனால் வேலைத்திறனிலோ சிந்தனையிலோ மாற்றம் தெரியவில்லை. நம் தரப்புக்கு வசதியில்லாத முடிவுதான், மறைக்க மாட்டோம். அதே ஆய்வில், வேலையிடத்தில் அமைதியான இடம் கொடுத்து மதியம் அரை மணி நேரம் தூங்கவைத்தபோது வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. தூங்கும் சூழலையும் பார்க்க வேண்டும், பகல் தூக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

ஆகவே டார்மெட்ரியை ஓர் இரவு 11 மணிக்குச் சுற்றிப் பாருங்கள். மேல்தளத்து அறையில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவு வரை அனலைக் கக்கும். இரண்டடுக்குக் கட்டிலில் மேலே படுப்பவருக்குக் கூரை கைக்கெட்டும் தூரம், காற்று கீழே போகும். கொசுவலை கட்டக் கம்பி இருக்காது. காரிடார் விளக்கு கதவு வழியாக நேரே முகத்தில் விழும். 9:30க்கு மெஸ்ஸில் டீ ஊற்றுவீர்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அந்தச் சர்குலரைத் திரும்பப் பெறுங்கள். வரும் திங்கட்கிழமை முதல் இரவு ஸ்டடி 9:30க்கு முடியட்டும், 10 மணிக்கு விளக்கணையட்டும், 6 மணிக்கு முன் விசில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை 7:30 வரை விடுங்கள். பத்து மணி வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை கெடும். விடுமுறை முடிந்து வரும் வாரத்தில் மட்டும் முதல் மூன்று நாள் 6:30க்கு எழுப்பி, எழுந்ததும் இருபது நிமிடம் வெயில் படும் மைதானத்தில் விடுங்கள். கடிகாரம் தானாக முன்னுக்கு வரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் மேசையில் தலைசாய்க்க அனுமதியுங்கள், அதுவும் 2 மணிக்குள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்தூக்கத்தில் விழுந்து எழும்போது மந்தம் வரும். எழுந்த பின் பத்து நிமிடம் கழித்தே பாடம் தொடங்குங்கள்.

மாலை 5 மணிக்குப் பின் டீ, காபி வேண்டாம்; பால் கொடுங்கள். டார்மெட்ரிக்கும் காரிடாருக்கும் மஞ்சள் விளக்கு மாற்றுங்கள். ஸ்டடி ஹாலின் வெள்ளை விளக்கு அப்படியே இருக்கட்டும். கட்டிலுக்குக் கட்டில் கொசுவலைக் கம்பி, மேல்தளக் கூரைக்கு வெள்ளையடிப்பு, சுவரோரம் கூடுதல் விசிறி. காலாண்டுத் தேர்வுக்குள் இவை முடியும்.

வகுப்பில் தூங்கியதற்கு எந்தத் தண்டனையும் கூடாது. ஒரே பிள்ளை வாரத்தில் மூன்று முறை தூங்கினால், அதை ஒழுங்குக்குழுவுக்கு அனுப்பாமல் மருத்துவ அறைக்கு அனுப்புங்கள். உரத்த குறட்டை, இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் அளந்து பாருங்கள். இரண்டு செக்‌ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் ஒரே பக்கம் சேராதபடி சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒரு செக்‌ஷனுக்கு 6 மணி, இன்னொன்றுக்கு இப்போதுள்ள 5 மணி. ஆறு வாரம். அன்றைய ஸ்லிப் டெஸ்டை எண்ணாதீர்கள். பாடம் நடத்தி ஏழாம் நாள், முன்னறிவிப்பில்லாமல் ஒரே வினாத்தாள் கொடுங்கள். மருத்துவ அறைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், முதல் பீரியடில் தலை சாய்ந்தவர்கள் எத்தனை பேர் என்று வார்டன் ஒரு நோட்டில் குறித்துவரட்டும். முடிவு எதுவானாலும் பெற்றோர் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பதிலைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள், விடுதி நேர அட்டவணையை அட்மிஷன் படிவத்திலேயே அச்சிடுங்கள். கடைசியாக, இரவு 11 மணி ரவுண்டு போகும் வார்டனையே விடியற்காலை 4:15க்கு எழுந்து விசில் ஊதவைக்கிறீர்கள். அந்த இரண்டு வேலையையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்.